கருப்பைவாய்ப் புற்றுநோயை ரத்தப் பரிசோதனை காட்டிவிடுமா? முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையிலிருந்து ஒரு விளக்கம்

ஆபீஸில் வருஷா வருஷம் நடக்கும் ஹெல்த் செக்கப்பில் ரத்தம் கொடுக்கிறீர்கள். ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். அப்போ கேன்சர் பயமும் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடலாமா?

கருப்பைவாய்ப் புற்றுநோய் விஷயத்தில் அப்படி இருக்க முடியாது. இந்த நோயில் எல்லாமே நேரத்தைப் பொறுத்தது. தாமதமாகத் தெரிந்த ஒரு நோயால் தங்கையை இழந்து, அதற்காகவே ஒரு மருத்துவமனை கட்டிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கை அதைத்தான் சொல்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு

முத்துலட்சுமி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி சமூகத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மகாராஜா தலையிட்டு இடம் கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர், 1912-ல் டாக்டராக வெளியே வந்தார்.

1926-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினர், 1927-ல் அதன் துணைத் தலைவர். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947-ல் சட்டமானது. இதெல்லாம் நீங்கள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய புற்றுநோய்ப் போராட்டம்தான் பலருக்குத் தெரியாது.

தங்கையின் மரணம்

முத்துலட்சுமியின் தங்கைக்கு மலக்குடல் புற்றுநோய் வந்தது. என்ன நோய் என்று சரியாகத் தெரியவருவதற்குள் நேரம் கடந்துவிட்டது. வீட்டிலேயே டாக்டர் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. இளம் வயதிலேயே தங்கை இறந்துபோனார்.

பிறகு மேல்படிப்புக்காக லண்டன் போன முத்துலட்சுமி, அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்குவதைப் பார்த்தார். 1935-ல், சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், அதேபோல ஒன்று இங்கேயும் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசினார்.

ஆனால் அதிகார வட்டாரத்தில் இருந்த எண்ணம் வேறு. புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்றே நினைத்தார்கள். அவர் விடவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நன்கொடை திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில், 12 படுக்கைகளோடு, குடிசைகளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறுவருஷம் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள்.

அங்கே வந்த பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்பட்டது கருப்பைவாய்ப் புற்றுநோய். பலரும் நோய் முற்றிய பிறகுதான் வந்தார்கள்.

சரி, இதில் ரத்தத்துக்கு என்ன வேலை?

இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். உடலுறவு வாழ்க்கை தொடங்கிய பலருக்கும் இது ஒரு கட்டத்தில் தொற்றிவிடும். உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஓரிரு வருஷத்தில் அதைத் துரத்திவிடுவதும் உண்டு. துரத்த முடியாமல் வைரஸ் தங்கிவிட்டால், புற்றாக மாற சாதாரணமாக 15 முதல் 20 வருஷம் ஆகும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இது 5 முதல் 10 வருஷமாகச் சுருங்கலாம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் ஆபத்து ஆறு மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வந்த புற்றும் சும்மா இருப்பதில்லை. தன்னைத் தாக்க வரும் லிம்போசைட் செல்களை அடக்கப் பார்க்கும். அந்த அடக்குமுறையின் தடயம் ரத்தத்தில் தெரிகிறதா என்றுதான் ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். எதிர்ப்பை அடக்கும் டி-செல்கள் கூடுகின்றனவா? ஐ.எல்-10 போன்ற புரதங்கள் ஏறுகின்றனவா? சாதாரண ரத்த எண்ணிக்கையிலேயே நியூட்ரோஃபில் கூடி, லிம்போசைட் குறைகிறதா? சிகிச்சைக்கு முன்பே இந்த விகிதம் ஏறியிருக்கும் நோயாளிகளுக்குப் பலன் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

அவ்வளவுதானே, அதையே டெஸ்ட் செய்துவிடலாமே என்று கேட்கிறீர்களா? சிக்கல் இங்கேதான். சாதாரணக் காய்ச்சல், சீழ், ஸ்டீராய்டு மாத்திரை எதனாலும் அந்த விகிதம் ஏறும். புற்றின் ஆரம்பத்தில் ஏறாமலேயே இருக்கலாம். நோய் உறுதியானவருக்கு அது எப்படிப் போகும் என்று கணிக்க இந்தக் குறியீடுகள் உதவலாம். நோய் இருக்கிறதா இல்லையா என்பதை அவை சொல்லாது.

அப்போ என்னதான் செய்வது?

கருப்பைவாயிலிருந்து எடுக்கும் மாதிரியில் எச்.பி.வி. சோதனை அல்லது பேப் டெஸ்ட். 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருஷத்துக்கு ஒருமுறை எச்.பி.வி. சோதனை செய்தால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எச்.ஐ.வி. இருந்தால் 25 வயதிலிருந்து, 3 முதல் 5 வருஷத்துக்கு ஒருமுறை. 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு என்றால் வயதையோ ரிப்போர்ட்டையோ பார்க்காமல் மகப்பேறு டாக்டரிடம் போய்விடுங்கள்.

நீங்கள் கொச்சி பள்ளுருத்தியில் வீடெடுத்துத் தங்கி வேலை பார்க்கும் தமிழர் என்றால், களமசேரியில் அரசின் கொச்சின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. திருவனந்தபுரத்து மண்டலப் புற்றுநோய் மையமே 1981-ல் வந்ததுதான். முத்துலட்சுமி காலத்துப் பெண்களுக்கு இவ்வளவு பக்கத்தில் எதுவும் இல்லை.

முத்துலட்சுமி 1968 ஜூலை 22 அன்று காலமானார். சென்னையில் 1980-களில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கருப்பைவாய்ப் புற்றுநோய், இப்போது மார்பகப் புற்றுநோய்க்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனாலும் இந்தியாவில் ஆண்டுக்கு 75 ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் இதனால் இறக்கிறார்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தக்கூடிய நோய் இது. அடுத்த ஹெல்த் செக்கப் பேக்கேஜைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்தச் சோதனை அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். அம்மாவுக்கும் அக்காவுக்கும் சேர்த்தே கேளுங்கள்.