சுகர் வந்தா சோறே கூடாதா? நார்ச்சத்தை நம்பிய ராயபுரம் டாக்டர் எம்.விஸ்வநாதனின் கதை

கொடுங்கையூர், வியாசர்பாடி பக்கம் வீட்டுக்கு ஒருத்தராவது சுகர் மாத்திரை போடுகிறார்கள். ரிசல்ட் பேப்பரில் நம்பர் ஏறியதும் வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இனிமே சோறு சாப்பிடலாமா, கூடாதா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதிலேயே தன் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஒரு டாக்டர், இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ராயபுரத்தில் இருந்தார். பெயர் பேராசிரியர் எம்.விஸ்வநாதன். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் தந்தை என்று மருத்துவ உலகம் சொல்வது இவரைத்தான்.

யார் இவர்?

விஸ்வநாதன் பிறந்தது 1923ல். கனடாவின் டொரண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டது அதற்கு முந்தைய ஆண்டு, 1922ல். அதுவரை சர்க்கரை நோய்க்கு உருப்படியான மருந்தே கிடையாது. நோயாளியைப் பட்டினி போடுவதுதான் வைத்தியம். ஆக, இன்சுலினும் இவரும் கிட்டத்தட்ட ஒரே வயது.

1948ல் வடசென்னையின் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் ஒன்றை அவர் தொடங்கினார். இன்றைக்கு இது சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் இந்தியாவின் பொது மருத்துவமனைகளில் அப்படி ஒரு தனிப்பிரிவு அப்போது புதுசு.

தனி கிளினிக் எதற்கு? காய்ச்சல் என்றால் மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். சுகர் அப்படிப்பட்ட நோய் இல்லை. அதே ஆள் மாதாமாதம் வர வேண்டும். கண், கால், கிட்னி எல்லாவற்றையும் வருஷக்கணக்கில் கவனிக்க வேண்டும். என்ன சாப்பிடுகிறார் என்று உட்கார வைத்துக் கேட்க வேண்டும். கூட்டம் நிரம்பி வழியும் பொது ஓ.பி.யில் அதெல்லாம் நடக்காது.

1954ல் ராயபுரத்தில் சொந்தமாக ஒரு மருத்துவமனை தொடங்கினார். பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கான எம்.வி. மருத்துவமனையாக நாடு முழுக்கத் தெரிந்த இடம் அதுதான். 1970களின் தொடக்கத்தில் அதனுடன் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் சேர்ந்தது. துறைமுகமும் மீன்பிடி குப்பங்களும் ரயில்வே யார்டும் சூழ்ந்த பகுதியிலிருந்து உலக மருத்துவ இதழ்களுக்கு ஆய்வுக் கட்டுரைகள் போகத் தொடங்கின.

அந்தக் காலத்து டயட் என்ன?

இன்சுலின் வந்த பிறகும்கூட, சுகர் நோயாளியின் உணவில் மாவுச்சத்தைக் குறைப்பதுதான் ரொம்ப காலம் உலகம் முழுக்க வழக்கம். மேற்கத்திய தட்டில் ரொட்டியை எடுத்துவிட்டால் இறைச்சி, முட்டை, வெண்ணெய் என்று மிச்சம் இருக்கும். நம்ம ஊர் கூலித் தொழிலாளியின் தட்டில் சோற்றை எடுத்தால் என்ன மிச்சம்? கொஞ்சம் குழம்பும் ஊறுகாயும்தான். வயிறு நிறையாத டயட்டை எத்தனை நாள் கடைப்பிடிக்க முடியும்?

இன்னொரு சிக்கலும் இருந்தது. மாவுச்சத்தை வெட்டினால் அந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்காரும். சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து ஏற்கனவே அதிகம்.

1970களில் காற்று திசை மாறியது. உகாண்டாவில் வேலை பார்த்த டெனிஸ் பர்கிட், ஹியூ ட்ரோவெல் என்ற இரண்டு டாக்டர்கள், நார்ச்சத்து நிறைய சாப்பிடும் ஆப்பிரிக்க கிராமத்து மக்களுக்கு மேற்கத்திய நாடுகளின் நோய்கள் பல அரிதாக இருப்பதைக் கவனித்து எழுதினார்கள். அமெரிக்காவின் கென்டக்கியில் ஜேம்ஸ் ஆண்டர்சன், நார்ச்சத்து மிகுந்த உணவைச் சுகர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

ராயபுரத்தில் விஸ்வநாதனும் அவரது குழுவும் இதே பாதையில் இந்தியச் சாப்பாட்டை வைத்துச் சோதித்தார்கள். மாவுச்சத்தும் அதிகம், நார்ச்சத்தும் அதிகம் என்பதுதான் அந்த டயட்டின் பெயரே. தானியம், பருப்பு, கீரை, காய்கறி தாராளமாக உண்டு. சர்க்கரை, இனிப்பு கிடையாது. எண்ணெய், நெய் குறைவு. 1980களில் இதன் பலன்களைக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். பயறு, பருப்பு சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்பதையும் தனியாக ஆராய்ந்தார்கள்.

நார்ச்சத்து உள்ளே போய் என்ன செய்யும்?

நெல்லின் உமிக்குக் கீழே தவிடு, முளை என்று சத்துள்ள பகுதிகள் இருக்கின்றன. மில்லில் பாலிஷ் போடும்போது அவை போய்விடுகின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் ஸ்டார்ச். அது சீக்கிரம் செரித்து குளுக்கோஸாக ரத்தத்தில் பாயும்.

நார்ச்சத்து சேர்ந்திருந்தால் கதை வேறு. அதில் ஒரு வகை, தண்ணீரில் கரைந்து கூழ் மாதிரி ஆகிவிடும். வயிற்றிலிருந்து சாப்பாடு இறங்குவது மெதுவாகும். குளுக்கோஸ் ஒரேயடியாக ஏறாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். கணையத்துக்கு வேலைப்பளு குறையும். சீக்கிரம் பசிக்காது, அதனால் நடுவில் கொறிப்பதும் குறையும்.

எச்சரித்த ஆய்வு

1970களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் எடுத்த கணக்கில், நகரத்துப் பெரியவர்களில் சர்க்கரை நோய் சுமார் 2 சதவீதம்தான். விஸ்வநாதன் குழு 1992ல் வெளியிட்ட ஆய்வில் சென்னை நகரத்தில் அது 8.2 சதவீதம், கிராமத்தில் 2.4 சதவீதம். ஒரே மாநிலம், ஆனால் மூன்று மடங்குக்கும் மேல் வித்தியாசம். உடலுழைப்பு குறைந்ததும், வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்ததும் அதில் முக்கியமாகப் பேசப்பட்டன.

அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் சுகர் இருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து எவ்வளவு அதிகம் என்பதையும் இந்தக் குழு 1980களிலேயே காட்டியது.

அவருக்குப் பிறகு

1996ல் விஸ்வநாதன் காலமானார். மகன்கள் வி.மோகன், விஜய் விஸ்வநாதன், மருமகன் ஏ.ராமச்சந்திரன் மூவரும் நாடறிந்த நீரிழிவு மருத்துவர்கள்.

ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006ல் வெளியானது. சுகர் வரும் எல்லையில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். மூன்று ஆண்டுகளில், அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சுகர் வந்துவிட்டது. உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றியவர்களில் அது 39 சதவீதம்தான். அதாவது, சுகரைத் தள்ளிப்போட முடியும், பலருக்குத் தடுக்கவும் முடியும்.

ஆனால் தந்தையின் டயட்டை அப்படியே பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. மோகனின் ஆராய்ச்சி மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருவதாக 2025ல் சொன்னது. வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றினால் மட்டும் போதாது. மொத்த மாவுச்சத்தையும் குறைத்து, பருப்பு, பால் மாதிரியான புரதத்தைக் கூட்ட வேண்டும் என்பது அதன் சாரம். வெயிலில் மூட்டை தூக்கியவருக்குச் சரியாக இருந்த சோற்று அளவு, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்யும் பேரனுக்குச் சரிவராது. நார்ச்சத்து பற்றி அவர் சொன்னது மட்டும் மாறவில்லை.

நம்ம தட்டில் என்ன மாற்றலாம்?

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் இருப்பது 3 கிராமுக்கும் குறைவு. அதே அளவு கேழ்வரகு, கம்பு, முழு கோதுமையில் சுமார் 11 கிராம்.

* சோற்றைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் கீரை, பொரியல், கூட்டு வையுங்கள்.
* கொண்டைக்கடலை, பச்சைப்பயறு சுண்டலைச் சாயங்கால பஜ்ஜிக்குப் பதிலாக்குங்கள்.
* கேழ்வரகுக் கூழ் நல்லதுதான். ஆனால் நைசாக அரைத்த மாவும் நொய்யரிசியும் சேர்ந்து குழையக் காய்ச்சியது சீக்கிரம் செரிக்கும். ஒரு சொம்பு போதும். கூடவே சின்ன வெங்காயம், கீரை, சுண்டல் சேர்த்துக்கொள்ளுங்கள்.
* ஜூஸ் வேண்டாம், பழமாகவே சாப்பிடுங்கள்.

ஏற்கனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் லோ சுகர் ஆகலாம். கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கு எந்தக் கீரை, எவ்வளவு பருப்பு என்பதில் கட்டுப்பாடு உண்டு. இவர்கள் டாக்டரைக் கேட்காமல் டயட்டை மாற்றக் கூடாது.

30 வயது தாண்டியவர்கள், வீட்டில் யாருக்காவது சுகர் இருப்பவர்கள், பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். சர்க்கரை நோய் பல வருஷம் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளேயே இருக்கும் என்பதால், உடம்பு சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.