ஆசாரிய ஜகதீச சந்திர போஸ்

கண்ணாடித் தகட்டின் மேற்புறத்தில் தலைமயிரினும் மெல்லியதோர் அடுக்கை உண்டாக்கி, அதனுள்ளே ஒளியை வாய்க்கால் நீர்போல ஓடச்செய்யும் வித்தை இக்காலத்துப் பெருகி வருகின்றது. உருகிய வெள்ளி நைட்ரேட்டில் கண்ணாடியை அமிழ்த்தினால், சோடியம் வெளியேற, வெள்ளி உட்புகும்; அவ்வடுக்கின் ஒளிமுறிவு எண் உயரும். உட்சென்ற ஒளி முழுப் பிரதிபலிப்பால் வெளியேற வழியின்றி ஓடும். வெளியேற வழியில்லையெனின், மேற்புறமாக உட்புகவும் வழியில்லையன்றோ? 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையார் மெல்லேடுகளின்மேல் ஒரு பட்டகத்தை மிக நெருக்கி வைத்து அவ்வழியைத் திறந்தனர். அதற்கு அடிப்படையான தத்துவத்தை 1897-லேயே மின்னலைகளைக்கொண்டு அளந்தவர் போஸ் என்பதை யாம் அறிந்தபோது வியந்தோம்.

இவர் 1858-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி வங்காளத்து மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் துரைத்தன உத்தியோகஸ்தராயிருந்தும் மகனைத் தாய்மொழிப் பள்ளியிலேயே விட்டார். அங்கே ஒருபுறம் தந்தையாரின் சேவகன் மகனும், மறுபுறம் வலைஞர் மகனும் உடனமர்ந்தனர். இராயபுரத்தில் வளர்ந்த எமக்கு இச்செய்தி தனியின்பந் தருவது. பின்னர்க் கல்கத்தா அர்ச். சவேரியார் கல்லூரியிலும், கேம்பிரிட்ஜில் ரேலே பிரபுவிடத்தும் பயின்றார்.

1885-இல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆங்கிலேயர் பெறும் சம்பளத்தில் மூன்றிலொரு பங்கே இவருக்கு விதிக்கப்பட்டது. இவர் வாதாடவுமில்லை, வேலையை விடவுமில்லை. மூன்றாண்டு ஒரு காசும் வாங்காது பாடஞ் சொன்னார். தந்தையாரின் கடன் தலைமேலிருந்த காலம் அது. மணந்த அபலா தேவியாரும் (மணத்திற்குமுன் நம் சென்னையில் மருத்துவம் பயின்றவர்) அவ்வறுமையில் பங்கு கொண்டார். முடிவில் துரைத்தனத்தார் முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டுக் கொடுத்தனர்; கடன் தீர்ந்தது.

ஆராய்ச்சிக்குக் கிடைத்ததோ ஒரு சிற்றறை. துணைவன் நாட்டுத் தகரவேலைக்காரன். ஹெர்ட்ஸ் கண்ட மின்னலைகள் முழக்கணக்கில் நீண்டவை. போஸ் அவற்றை 5 மில்லிமீட்டர் அளவிற்குக் குறுக்கினார். அலை குறுகவே கருவிகளும் மேசைமேல் அடங்கின. குழாய் வழியே அலையைச் செலுத்தினார். புனல்போன்ற வாயினால் அதனை ஏற்றார். அலைகளுக்குக் கண்ணாடியின் முறிவு எண்ணையும் அளந்தார்.

பட்டகச் சோதனையே எம் மனத்தைக் கவர்ந்தது. பட்டகத்தின் உட்புறத்தில் அலை முழுதும் பிரதிபலித்துத் திரும்புகின்றது. ஆயினும் அதன் அதிர்ச்சி சிறிது தூரம் வெளிக்காற்றிலும் பரவி நிற்கும். எங்கள் கடற்கரைக் கருங்கல் அணையில் மோதித் திரும்பும் அலை கல்லிடுக்குகளிற் கசிவதுபோல என்று கூறலாம். உவமை முற்றும் பொருந்தாது. இரண்டாம் பட்டகத்தை அருகே கொணரின், அவ்வதிர்ச்சி அதனுட் புகுந்து மீண்டும் அலையாய்ச் செல்லும். ஒளியில் நியூட்டன் இதனைக் கண்டிருந்தார். ஆனால் அங்கே இடைவெளி கண்ணுக்கெட்டாத நுண்மையது. போஸின் அலைக்கோ அது கையால் அளக்கத்தக்கது. அலை நீள நீள, அது கடக்கும் இடைவெளியும் மிகும் என்று காட்டினார். கண்ணாடித் தகட்டினுள் ஒளியைப் புகுத்துவோர் இன்றும் காப்பது அவ்விடைவெளியையே.

1901-க்குப்பின் இவர் கருத்து செடிகளின் பக்கந் திரும்பியது. 1917-இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையங் கண்டு, 1937-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆம் தேதி கிரிடியில் உயிர் நீத்தார். அலைகளின் அதிர்வை ஒரே தளத்தில் அமைக்க இவர் ஆண்ட கருவிகளுள் ஒன்று, ஏடுகளுக்கிடையே ஈயத்தாள் செருகிய ரயில்வே நேர அட்டவணைப் புத்தகம்.