நன்னூல் தந்த பவணந்தி முனிவர்

சிவகாசிப் பட்டாசுகளுள் சரவெடி, சங்குசக்கரம் என்னும் பெயர்களை அறியாதார் இலர். தீபாவளியை வர்த்தமானர் வீடுபேறெய்திய திருநாளாகப் போற்றும் நமக்கு வெடியில் நாட்டமில்லை. எனினும் அப்பெயர்கள் நம் முனிவர் ஒருவரை நினைவூட்டுகின்றன. தொல்காப்பிய விதிப்படி சகரம் அகரத்தோடு கூடிச் சொல்லின் முதலில் வாராது. அத்தடையை நீக்கி இலக்கணம் வகுத்தவர் பவணந்தியார்.

சனகாபுரத்துச் சன்மதி முனிவர் வழிவந்த இவர், மூன்றாம் குலோத்துங்கனின் (1178–1218) ஆட்சிக்குட்பட்ட கங்க மரபினனாகிய சீயகங்கன் வேண்ட நன்னூலை இயற்றினார். ஐந்து இலக்கணமும் வேண்டினான் என்று பாயிரம் கூறும். நமக்குக் கிடைத்திருப்பன எழுத்தும் சொல்லுமே, 462 நூற்பாக்கள்.

தொல்காப்பியத்திற்கும் இவருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கழிந்தன. சட்டி, சகடம் முதலிய சொற்கள் வழக்கில் நிலைபெற்றன. ஆகாரத்தோடு மட்டுமே முதலில் வந்த யகரமும் யவனர், யூகம், யோகம் எனப் பெருகிற்று. முன்னோர் நூலைப் பொன்னேபோல் போற்றிய காலத்தில் இவற்றைப் பிழையென ஒதுக்குவது எளிது. முனிவர் அவ்வாறு செய்திலர். பழையன மறைவதும் புதியன நுழைவதும் காலத்தின் இயல்பு, குற்றமன்று என நூலின் இறுதியில் விதியாகவே வைத்தார். இலக்கண ஆசிரியர் ஒருவர் இதனைக் கூறியதே பெருந்துணிவு எனலாம்.

நன்னூலுக்கு இன்று கிடைக்கும் உரைகளுள் பழையது சமணராகிய மயிலைநாதருடையது. பின்னர்ச் சைவராகிய சங்கர நமச்சிவாயர் உரை வரைய, சிவஞான முனிவர் அதனைத் திருத்தினார். மயிலைநாதர் உரையை 1918இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றினார்.