ஸர் ஜேம்ஸ் முர்ரே

ஆங்கிலத்தில் ‘நைட்’ என வழங்கும் பட்டப்பெயர் ஆதியிற் சிறுவனையும், பின்னர் ஏவலாளனையும், அதன் பின்னரே போர்வீரனையும் குறிக்கலாயிற்று. ‘டீர்’ என்பதோ முன்னாளில் எவ்விலங்கிற்கும் பொதுவாயிருந்து, இப்போது மானுக்கே உரியதாயிற்று. இவ்வாறு ஒவ்வொரு சொல்லின் பிறப்பையும் பொருள் மாற்றத்தையும் கால முறையே நூற்சான்று காட்டி விளக்குவது ஆக்ஸ்போர்டு பேரகராதி. அதனைத் தலைநின்று தொகுத்தவர் முர்ரே.

இவர் 1837-ம் ஆண்டில், ஸ்காட்லாந்து தேசத்து டென்ஹோம் என்னும் சிற்றூரில், தையற்காரர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். பதினான்காம் பிராயத்திலேயே பள்ளிப்படிப்பு நின்றது. மொழிகள்மீது கொண்ட வேட்கை நிற்கவில்லை. தாமே முயன்று பல பாஷைகளைக் கற்று, இலண்டனை அடுத்த மில் ஹில் பள்ளியில் ஆசிரியராய் அமர்ந்தார்.

1879-ம் ஆண்டில் அகராதிப் பொறுப்பு இவரிடம் வந்தது. மொழிநூற் சங்கத்தார் இருபதாண்டுகளாகச் சேர்த்துவைத்த காகிதத் துண்டுகளும் உடன் வந்தன. ஏறக்குறைய இரண்டு டன் எடை! ஒரு சாக்கினுள் எலியொன்று குடும்பத்தோடு குடியிருந்ததாம். இவற்றை வைத்தற்கு இரும்புத்தகட்டுக் கொட்டகை ஒன்று அமைத்தார். 1885-ல் ஆக்ஸ்போர்டுக்குக் குடிபெயர்ந்தபோது, அங்கும் வீட்டுத்தோட்டத்தில் அத்தகையதொன்றையே எழுப்பினார். குளிர்காலத்தில் அதனுள் இருப்பதே ஒரு தவம். இவர்தம் மக்கள் பதினொருவரும் சிறு காசு பெற்றுத் துண்டுகளை அகர வரிசையில் அடுக்கினர். பல தேசத்து அன்பர்களும் மேற்கோள்களை எழுதி அனுப்பினர். அவருள் பெருந்துணை புரிந்த டாக்டர் மைனர், கொலை புரிந்து பித்தர் விடுதியில் அடைபட்டிருந்தவர்!

பத்தாண்டில் முடியுமென்று ஒப்புக்கொண்ட வேலை இது. ஐந்தாண்டு கழிந்து 1884-ல் வெளிவந்த முதற்பகுதியோ, முதல் எழுத்தையே முடிக்கவில்லை. பதிப்பகத்தார் விரைவுபடுத்தினர்; முர்ரே சொல்லாராய்ச்சியைச் சுருக்க இசையவில்லை. அவ்வுறுதியே அகராதிக்கு உயிர் எனலாம். நம் கட்டுமரமும் தமிழ்ச்சொல்லென்றே அதிற் பதிவாயிற்று. இத்துணை விழிப்பிருந்தும், அடிமைப்பெண் எனப் பொருள்படும் ‘பாண்ட்மெய்டு’ என்னும் சொல்லின் துண்டுகள் காணாமற்போக, அச்சில் அச்சொல்லே விடுபட்டது. அடிமைப்பெண் தப்பியோடினாள் போலும்!

1908-ம் ஆண்டில் அரசாங்கத்தார் இவருக்கு ‘நைட்’ பட்டம் அளித்தனர். எண்பதாம் பிறந்தநாளுக்குள் நூலை முடித்துவிட விழைந்தார். ஆயின், ‘டி’ எழுத்துச் சொற்களில் ஈடுபட்டிருந்த காலத்தில் நோய் முற்றி, 1915-ம் ஆண்டு ஜூலை 26-ல் உயிர்நீத்தார். எஞ்சியதை உடனாசிரியர்கள் தொடர்ந்து 1928-ல் முடித்தனர். சொற்கள் நான்கு லட்சத்திற்கு மேல். பக்கங்களில் ஏறக்குறையப் பாதி முர்ரே பதிப்பித்தவை.