தருமபுரியில் வாழ்ந்த தாமஸ் மன்றோ துரை

தருமபுரி நகரை அடுத்து எழுந்து நிற்பது வத்தல்மலை. அதன்மேல் நின்று கீழ்நோக்குவார்க்கு ஏரிகளும் புன்செய்களும் ஊர்களுமாக விரிந்து தோன்றும் சமவெளி, முற்காலத்தில் பாராமகால் என வழங்கிய நாட்டின் ஒரு பகுதியாகும். பன்னிரண்டு கோட்டைகளை உடைமையால் அந்நாடு அப்பெயர் பெற்றது என்பர். மைசூர் மேட்டு நிலத்திற்கும் கர்நாடகச் சமவெளிக்கும் இடைப்பட்ட எல்லைப்புறமாதலின், மேலிருந்து இறங்கும் படைக்கும் கீழிருந்து ஏறும் படைக்கும் அதுவே வழியாயிற்று. எப்படை வெல்லினும் விளைந்த கதிரை இழந்தவன் உழவனே.

இவ்வெல்லைப்புறத்தில் போர்வீரராய் வந்து, குடிகளின் கணக்கை ஆராயும் அதிகாரியாய் ஏழாண்டு வாழ்ந்தவர் ஸர் தாமஸ் மன்றோ. சென்னையில் குதிரைமீது அமர்ந்த சிலை வடிவில் அவரை நம்மவர் பலர் கண்டிருப்பர். அவர் பிறந்த குடும்பத்தின் வரலாற்றை அறிந்தார் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் 1761-ஆம் வருஷம் மே மாதம் 27-ந் தேதி மன்றோ பிறந்தார். அவருடைய பாட்டனார் தையல் தொழில் செய்தவர்; சேர்த்த பொருளை அமெரிக்கப் புகையிலை வாணிகத்தில் இட்டுச் செல்வமடைந்தார். தந்தையார் அலெக்ஸாந்தர் மன்றோவும் வர்ஜீனியா நாட்டோடு வாணிகம் நடத்தினார். அந்நாட்டுப் புகையிலை, ஆப்பிரிக்காவினின்று பிடித்துச் செல்லப்பட்ட அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. கிளாஸ்கோவில் எழுந்த மாளிகைகள் பலவற்றின் அடித்தளத்தில், பெயர் தெரியாத அம்மக்களின் வியர்வை கலந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

மன்றோ கிளாஸ்கோ சர்வகலாசாலையில் பயின்றார். சிறுவயதிற் கண்ட மணல்வாரி அம்மையால் அவருக்குச் செவிப்புலன் சற்றுக் குன்றிற்று. எனினும் கல்வியில் வேட்கை குன்றவில்லை. ஸ்பானிய நாட்டு ஆசிரியர் செர்வாண்டிஸ் இயற்றிய பெருங்கதையை மூலத்திலேயே படிக்க விரும்பி, அந்தப் பாஷையைத் தாமே கற்றுக்கொண்டார். தந்தையாரின் வாணிகத்தில் அமர்வதே அவருக்கென வகுக்கப்பட்டிருந்த வழி.

அவ்வழியைக் கடலுக்கு அப்பால் எழுந்த ஒரு போர் அடைத்துவிட்டது. 1775-ஆம் வருஷத்தில் அமெரிக்கக் குடியேற்ற நாட்டார் இங்கிலாந்தின் ஆட்சியை எதிர்த்தெழுந்தனர். காடு திருத்தி உழுதவர்கள் கலப்பையை வைத்துவிட்டுத் துப்பாக்கி ஏந்திக் குடிப்படையாய்த் திரண்டனர். புகையிலை வாணிகம் நின்றது. மன்றோ குடும்பத்தின் செல்வமும் கரைந்தது. மகன் வேறு பிழைப்புத் தேட நேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து, 1780-ஆம் வருஷம் ஜனவரி மாதம் தமது பதினெட்டாம் வயதில் சென்னையில் வந்திறங்கினார். மேற்றிசையில் ஒரு குடியேற்றத்தை இழந்த குடும்பம், கீழ்த்திசையில் மற்றொரு நாட்டை அடக்கும் பணிக்குத் தன் மகனை அளித்த விந்தையை இங்கே காண்கிறோம்.

அவர் வந்த சில மாதங்களுக்குள் ஹைதர் அலியின் பெரும்படை கர்நாடகத்துள் இறங்கிற்று. செப்டம்பர் மாதத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது, மன்றோ காஞ்சிபுரத்தை அடுத்திருந்த மற்றொரு கம்பெனிப் படையில் இருந்தார். அப்போர் 1784-இல் முடிந்தபின், பாரசீகமும் ஹிந்துஸ்தானியும் ஊன்றிக் கற்றார். சிறு சம்பளத்தில் சிக்கனமாய் வாழ்ந்து, இந்தியாவுக்கு வந்திருந்த தம்பி அலெக்ஸாந்தருடன் சேர்ந்து, நொடித்துப்போன தந்தையாருக்குப் பணம் அனுப்பி வந்தார். சகோதரி எர்ஸ்கினுக்கு அவர் விரிவாக வரைந்த கடிதங்களே பிற்காலத்தில் அவர் சரித்திரத்தை எழுதியோர்க்குப் பெருந்துணையாயின.

1792-ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அவற்றை நிர்வகிக்கக் காப்டன் அலெக்ஸாந்தர் ரீட் நியமனம் பெற்றார். அவருக்கு உதவியாய் வந்த படை அதிகாரிகளுள் மன்றோ ஒருவர். சுதேச பாஷைகளை அறிந்தவர் என்பதே இவர்களை இப்பணிக்குத் தெரிந்தெடுத்ததன் காரணம். மன்றோ தருமபுரியில் வாழ்ந்து, தோட்டம் ஒன்றும் வளர்த்தார். ஆயினும் ஊர் ஊராகச் சென்று கூடாரத்தில் தங்குவதே அவர் வழக்கம். நிலத்தை அளப்பதும், நஞ்சை புன்செய் என வகுப்பதும், தீர்வையை மதிப்பதும், குடியானவர் முறையீடுகளை நாள்முழுதும் கேட்பதுமாக ஏழாண்டுகள் கழிந்தன. செவிப்புலன் குன்றிய அவர் குடிகளின் சொல்லைச் செவிமடுப்பதையே தொழிலாகக் கொண்டது நினைக்கத்தக்கது.

இடையில் நிற்கும் குத்தகைக்காரரை நீக்கி, உழுபவனோடு சர்க்கார் நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை ரீட், மன்றோ ஆகியோரின் கையில் இந்நாட்டில் உருவாயிற்று. பின்னர் அதுவே சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவிற்று. இதனை முழு நன்மையென்று கூறுதல் இயலாது. தீர்வை கடுமையாயிருந்தது. மழை பொய்த்த காலத்தும் பணமாகச் செலுத்த வேண்டியிருந்தமையால், குடியானவன் கடன்காரனிடம் சென்று நின்றான். வரி தண்டுவதற்குச் சித்திரவதை கையாளப்பட்டதை, சென்னை அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழுவினரே 1855-ஆம் வருஷத்தில் ஒப்புக்கொண்டனர். முறை நல்லதாயினும் சுமை பெரிதானால் உழவன் முதுகு வளையும் என்பதற்கு இது சான்று.

மன்றோவும் இதனை அனுபவத்தால் உணர்ந்தார். 1800 முதல் 1807 வரை பல்லாரி, கடப்பை முதலிய சீமைகளை ஆண்ட காலத்தில் அவர் பாளையக்காரரை இரக்கமின்றி ஒடுக்கினார். அப்பதவியை விட்டு நீங்குமுன், தீர்வையில் நூற்றுக்கு 25 பங்கு குறைத்தல் வேண்டுமெனக் கம்பெனியாருக்கு எழுதினார். வருமானம் குறையுமென அஞ்சிய மேலிடத்தார் அன்று அதனை ஏற்கவில்லை. பின்பு அவரே கவர்னராகி அக்குறைப்பை நிறைவேற்றினார்.

1814-இல் ஜேன் காம்பெல் என்னும் மங்கையை மணந்து மீண்டும் இந்தியா வந்தார். 1817, 1818-ஆம் வருஷங்களில் நடந்த மராட்டியப் போரில் அவரிடம் இருந்த படை மிகச் சிறிது. அவ்வூர்க் குடிகளையே சேவகராகத் திரட்டிப் பாதாமி, பெல்காம், சோலாப்பூர்க் கோட்டைகளைப் பிடித்தார். அமெரிக்கக் குடிப்படையால் செல்வம் இழந்த தந்தையின் மகன், இங்கே குடிப்படையைக் கொண்டு வெற்றி பெற்றார்.

1820-இல் சென்னைக் கவர்னரானார். 1822-இல் அவர் இட்ட உத்தரவின்படி மாகாணமெங்கும் பள்ளிக் கணக்கு எடுக்கப்பட்டது. 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தமை தெரியவந்தது. ஆங்கிலக் கல்வி பரவுமுன் நம் நாட்டில் எழுத்தறிவே இல்லை என்பாருக்கு இத்தொகை தக்க விடையாகும். இந்நாட்டார் தம்மைத் தாமே ஆளும் தகுதி பெறும்வகையில் ஆட்சி நடத்தல் வேண்டுமென 1824-இல் எழுதிவைத்ததும் அவரே.

இப்பெருமைக்கு அவர் குடும்பம் கொடுத்த விலை சிறிதன்று. 1819-இல் பிறந்த மூத்த மகனைத் தாயகத்தில் விட்டுவிட்டே பெற்றோர் சென்னை வந்தனர். 1823-இல் சென்னையிற் பிறந்த இளைய மகன் காம்பெல் நோயுற்றமையால், 1826-இல் தாயார் அவனை எடுத்துக்கொண்டு கப்பலேறினார். மன்றோ விடுதலை கேட்டு எழுதியிருந்தும், அடுத்த கவர்னர் வரத் தாமதமாயிற்று. தாம் முன்பு ஆண்ட சீமைகளை இறுதியாகக் காணச் சென்றவரை வழியில் வாந்திபேதி பற்றிற்று. 1827-ஆம் வருஷம் ஜூலை மாதம் 6-ந் தேதி பத்திகொண்டா என்னும் ஊரில் உயிர்நீத்தார். மனைவியையும் மக்களையும் அவர் மீண்டும் காணவில்லை. கூத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல், 1831-இல் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்திற்குக் கொணரப்பட்டது.

மூன்று தலைமுறையில் தையற்காரர், வணிகர், கவர்னர் என உயர்ந்த குடும்பம் இது. அவ்வுயர்வில் அடிமைகளின் வியர்வையும், நம் உழவர் செலுத்திய தீர்வையும் சேர்ந்திருத்தலால், மன்றோவைத் தெய்வமாக்குதல் தகாது. அயலாராய் வந்து ஆண்டவருள் ஒருவர் என்று ஒதுக்கிவிடுதலும் அறிவாகாது. ஆளப்புகுந்தவன் முதலில் மக்கள் மொழியைக் கற்று, அவர்கள் நிலத்தில் நடந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டல் வேண்டும் என்னும் பாடத்தை அவர் பாராமகாலில் கற்றார். கற்றதில் தவறு கண்டபோது திருத்தவும் முயன்றார்.

இன்று கலாசாலையினின்று வெளிப்போந்து தாசில் கச்சேரியிலும் கலெக்டர் கச்சேரியிலும் அமரவிருக்கும் நம் மாணவர் அந்நியர் அல்லர். அக்குடியானவரின் மக்களும் பேரருமே ஆவர். மலைமேல் வாழும் மலையாளிக் குடிகளும் மலையடி உழவரும் மனுவோடு வந்து நிற்கையில், கோப்பை நோக்குமுன் முகத்தை நோக்குதல் அவர் கடமை. அயலார் ஒருவர் ஏழாண்டு செய்ததை, இம்மண்ணிற் பிறந்த நாம் வாழ்நாள் முழுதும் செய்தல் அரிதாகுமோ?