கணிப்பு சரி, கணக்கு காலி: ஃபாரெக்ஸில் கெய்ன்ஸ் பட்ட பாடு

ஃபாரெக்ஸ் டிரேடிங்கில் பொருளாதார நிபுணருக்கே மொத்தப் பணமும் போகுமா? போகும். 20-ம் நூற்றாண்டின் பெரும் பொருளாதார மேதை ஜான் மேனார்ட் கெய்ன்ஸுக்கே போனது. அதுவும் அவருடைய கணிப்பு அடிப்படையில் சரியாக இருந்தபோது!

யார் இந்த கெய்ன்ஸ்?

1883-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தவர். படிப்பு முடிந்ததும் லண்டனில் இருந்த இந்தியா அலுவலகத்தில் வேலை. 1913-ல் வெளியான முதல் புத்தகமே நம்ம ரூபாயைப் பற்றியதுதான். முதல் உலகப் போரின்போது பிரிட்டன் நிதித்துறையில் இருந்தார். ஜெர்மனி மீது சுமத்தப்படும் இழப்பீடு ஐரோப்பாவையே சீரழிக்கும் என்று கருதி, 1919-ல் பதவியை உதறினார்.

ஏன் கரன்சியில் இறங்கினார்?

போருக்கு முன் முக்கிய நாடுகளின் பணம் தங்கத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. மதிப்பு பெரிதாக அசையாது. போருக்குப் பிறகு அந்தப் பிடி விட்டுப்போக, விலை தினமும் ஏறி இறங்கியது. அதில் காசு பார்க்கலாம் என்று 1919-ல் களமிறங்கினார்.

கரன்சி வர்த்தகம் எப்போதும் ஜோடியாகத்தான் நடக்கும். ஒன்றை வாங்கினால் இன்னொன்றை விற்கிறோம். கெய்ன்ஸ் டாலரை வாங்கி, ஜெர்மன் மார்க், பிரெஞ்சு ஃபிராங்க், இத்தாலிய லிராவை விற்றார்.

கையில் இல்லாத மார்க்கை எப்படி விற்பது? அதற்குத்தான் 'ஃபார்வர்டு' ஒப்பந்தம். இன்று பேசிய விலைக்கு, பின்னொரு தேதியில் தருவதாக ஒப்புக்கொள்வது. அதற்குள் மார்க் விழுந்தால், மலிவாக வாங்கிக் கொடுத்துவிடலாம். வித்தியாசம் லாபம். ஏறிவிட்டால்? அதே வித்தியாசம் நஷ்டம்.

சறுக்கியது எங்கே?

இதற்கு முழுப் பணமும் தேவையில்லை. 'மார்ஜின்' எனும் முன்பணம் போதும். உதாரணமாக, 10 பவுண்டு கட்டி 100 பவுண்டுக்கு வர்த்தகம் செய்தால், விலை 10% எதிராகப் போனாலே கட்டிய பணம் முழுக்க காலி.

1920 தொடக்கத்தில் நண்பர் ஆஸ்வால்ட் ஃபால்க்குடன் சேர்ந்து கூட்டு நிதி ஒன்றையும் தொடங்கினார் கெய்ன்ஸ். ஓவியர் டங்கன் கிரான்ட் உள்ளிட்ட நண்பர்களின் பணமும் அதில் இருந்தது. முதலில் நல்ல லாபம். ஆனால் அந்த வசந்த காலத்தில் ஐரோப்பிய கரன்சிகள் திடீரென ஏறின. மே மாதத்துக்குள் அவர் பணம், நண்பர்கள் பணம் எல்லாம் போச்சு.

வங்கியாளர் எர்னஸ்ட் கேசல் தந்த 5,000 பவுண்டு கடனும் பதிப்பகம் தந்த முன்பணமும் கைகொடுத்தன. மீண்டும் வர்த்தகம் செய்து, 1922 இறுதிக்குள் கடனை அடைத்தார்.

1923-ல் மார்க் வெறும் காகிதமானது. ஆக, திசையைச் சரியாகத்தான் கணித்திருந்தார். ஆனால் நடுவில் வந்த சில வார ஏற்றத்தைத் தாங்கும் அளவுக்குக் கையில் காசு இல்லை.

பிறகு என்ன ஆனார்?

பட்ட அனுபவம் எழுத்தாகவும் மாறியது. 1923-ல் வந்த புத்தகத்தில் ஃபார்வர்டு விலை எப்படி அமைகிறது என்று விளக்கினார்: இரு நாட்டு வட்டி விகிதங்களின் வித்தியாசமே அதன் அடிப்படை. வட்டி குறைந்த நாட்டின் கரன்சி, ஃபார்வர்டில் சற்று விலை கூடுதலாக இருக்கும். இன்றும் நிதி மாணவர்கள் படிக்கும் பாடம் இது.

பின்னாளில் நல்ல பங்குகளை வாங்கி, பொறுமையாக வைத்திருக்கும் வழிக்கு மாறினார். 1944-ல் உலக நாணய ஒழுங்கை வகுத்த பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் பிரிட்டன் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1946-ல் இறந்தபோது அவர் விட்டுச் சென்ற சொத்து ஏறத்தாழ 4.8 லட்சம் பவுண்டு.

1920-ல் அவரைத் தூக்கிவிட கேசல் இருந்தார். மார்ஜினில் இறங்கும் எல்லோருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை.