டோஸ்ட்டில் சீஸ் எண்ணெய் பிரியாமல் உருகுவது எப்படி? 65 டாலரோடு சிகாகோவில் நின்ற ஜேம்ஸ் கிராஃப்ட்டின் கதை!

கொத்துக்கறியை மசாலா போட்டு சுருள வதக்கி, ரெண்டு பிரெட்டுக்கு நடுவில் சீஸ் ஸ்லைஸோடு வைத்து, வெண்ணெய் தடவிய தோசைக்கல்லில் போட்டு எடுத்தால் ராத்திரி சாப்பாடே முடிந்தது. சீஸ் வழுவழுவென்று உருகி, கறியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இதே டோஸ்ட்டை ஸ்லைஸுக்குப் பதிலாக பல மாதம் முதிரவைத்த செடார் சீஸில் செய்து பாருங்கள். எண்ணெய் தனியாகப் பிரிந்து கல்லில் ஓடும். மிச்சமிருப்பது ரப்பர் மாதிரி சுருண்டு கிடக்கும். சுவை அதில்தான் அதிகம், ஆனால் உருகும் அழகு ஸ்லைஸுக்குத்தான். இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் ஒரு மளிகைக்கடை ஊழியர் இருக்கிறார். பெயர் ஜேம்ஸ் லூயிஸ் கிராஃப்ட்.

(பாலாடைக்கட்டி என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறதுதான். கடையில் போய் அதைக் கேட்டால் பனீரை எடுத்து நீட்டுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க சீஸ்தான்!)

யார் இந்த கிராஃப்ட்?

1874 டிசம்பரில் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். பால் பண்ணை வைத்திருந்த மெனோனைட் கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். இளம் வயதில் மளிகைக்கடையில் வேலை பார்த்து, பிறகு அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஒரு சீஸ் கம்பெனியில் பங்குதாரர் ஆனார். கம்பெனி வேலையாக சிகாகோ போயிருந்த நேரத்தில், கூட்டாளிகள் அவரைக் கழற்றிவிட்டார்கள். 1903-ம் ஆண்டு. வயது 28. தெரியாத ஊர், கையில் 65 டாலர்.

ஊருக்குத் திரும்பாமல், அந்தப் பணத்தில் ஒரு குதிரையையும் வண்டியையும் வாடகைக்கு எடுத்தார். தினமும் விடியற்காலையில் மொத்தச் சந்தைக்குப் போய் சீஸ் வாங்கி, கடை கடையாகக் கொண்டுபோய் விற்பது. அவ்ளோதான் பிசினஸ். கடைக்காரர்கள் சந்தைக்கு அலையும் வேலை மிச்சம் என்பதால் வாங்கினார்கள். ஆனாலும் முதல் வருடம் நஷ்டம்தான். மெல்ல மெல்ல நிமிர்ந்து, தம்பிகளையும் சேர்த்துக்கொண்டு 1909-ல் கம்பெனியாகப் பதிவு செய்தார். 1914-ல் இல்லினாய் மாகாணத்தின் ஸ்டாக்டனில் சொந்தமாக சீஸ் ஆலையும் வந்துவிட்டது.

பிரச்சனை என்ன?

அன்றைக்கு சீஸ் வந்தது பெரிய சக்கரம் சக்கரமாக. கடைக்காரர் அதை மேஜையில் வைத்து, கேட்பவர்களுக்கு வெட்டிக் கொடுப்பார். கடைகளில் ஃப்ரிட்ஜ் கிடையாது. வெட்டிய பக்கம் காய்ந்துபோகும், வெயில் காலத்தில் வியர்க்கும், பூஞ்சை பிடிக்கும். காய்ந்ததைச் சீவித் தூக்கிப்போட்டால் அது கடைக்காரருக்கு நஷ்டம். இதைவிடப் பெரிய தலைவலி, ஒரு சக்கரம் மாதிரி இன்னொன்று இருக்காது. போன வாரம் வாங்கியது இதமாக இருந்தால் இந்த வாரம் வாங்கியது நாக்கைச் சுரண்டும்.

சீஸ் என்பது அடிப்படையில் உயிருள்ள பண்டம். உள்ளே இருக்கும் கிருமிகள் வேலை செய்துகொண்டே இருப்பதால்தான் அது முதிர்கிறது, சுவை ஏறுகிறது, கடைசியில் கெட்டும் போகிறது. வீடு வீடாகத் தயிர் புளிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிராஃப்ட் அந்த வேலையை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட நினைத்தார்.

செடார் சீஸைத் துருவி, பெரிய பாத்திரத்தில் போட்டு, சுமார் 80 டிகிரி செல்சியஸில் கால் மணி நேரம் கைவிடாமல் கிளறினார். விஷயமே அந்தக் கிளறலில்தான் இருக்கிறது. சும்மா சூடாக்கினால் சீஸில் உள்ள புரதம் இறுகி, கொழுப்பை வெளியே பிழிந்து தள்ளிவிடும். கிளறிக்கொண்டே இருந்தால் கொழுப்பு பொடிப்பொடியாகச் சிதறி உள்ளேயே நிற்கும். அந்தக் கூழைச் சுத்தமான டின்களில் ஊற்றி மூடினார். கிருமி இல்லை, காற்று இல்லை, கெடுவதற்கு வழியும் இல்லை. 1916-ல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது.

முதல் ஆள் இவர்தானா என்றால், இல்லை. 1911-லேயே சுவிட்சர்லாந்தில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் எமென்டல் சீஸில் சோடியம் சிட்ரேட் என்ற உப்பைச் சேர்த்து இதைச் செய்துவிட்டார்கள். புரதத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தை இந்த உப்பு விலக்கிவிடும். இளகிய புரதம் கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இன்று நம் கைக்கு வரும் ஸ்லைஸ் உருகுவது இந்த உப்பு வழியில்தான். ஆனால் ஒரு தேசத்தையே அதைச் சாப்பிட வைத்தவர் கிராஃப்ட்.

அதற்கு முதல் உலகப்போர் உதவியது. கடல் தாண்டிப் போகும் படைகளுக்குக் கெடாத சாப்பாடு வேண்டும். சுமார் 60 லட்சம் பவுண்டு டின் சீஸை அமெரிக்க ராணுவம் வாங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்களுக்கு அந்த ருசி பழகியிருந்தது.

எதிர்ப்பும் வந்தது. பாரம்பரிய சீஸ்காரர்களுக்கு இது சீஸே இல்லை. பல ஆலைகளின் சரக்கை ஒரே அண்டாவில் போட்டு ஒரே ருசியாக்கினால், எங்கள் கைப்பக்குவத்துக்கு என்ன மதிப்பு என்பது அவர்கள் ஆதங்கம். நியாயமான ஆதங்கம்தான். இன்னொரு பக்கம், கெடாத பால் பொருளை ஏழை வீட்டுக்கும் கொண்டுபோனது இந்த அண்டாதான். கடைசியில் இதை வெறும் சீஸ் என்று விற்கக்கூடாது, ப்ராசஸ் சீஸ் என்று லேபிளில் சொல்ல வேண்டும் என்ற விதி வந்தது.

டோஸ்ட் எப்போது வந்தது?

1928 ஜூலையில் மிசௌரி மாகாணத்தின் சில்லிகாத்தி என்ற சிற்றூரில், ஓட்டோ ரோவெடரின் மெஷின் அறுத்த ஸ்லைஸ் பிரெட் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு கிராஃப்ட் கம்பெனி, பிலடெல்பியா க்ரீம் சீஸ் விற்றுவந்த ஃபீனிக்ஸ் கம்பெனியோடு இணைந்தது. அடுத்த வருடமே பங்குச்சந்தை சரிந்து பஞ்சம் தொடங்கியது. ரெண்டு பிரெட், கொஞ்சம் சீஸ், சூடான கல். 1930-களில் பல அமெரிக்க வீடுகளுக்கு அதுதான் சாப்பாடு. பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்க ஓட்டல்களில் கொத்திய மாட்டுக்கறியை வடையாகத் தட்டி, வதக்கிய வெங்காயம், சீஸ் சேர்த்து ரை பிரெட்டில் டோஸ்ட் செய்தார்கள். அதற்குப் பெயர் பேட்டி மெல்ட். நம் கீமா டோஸ்ட்டுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

1930-ல் நேஷனல் டெய்ரி என்ற பெரிய நிறுவனம் கிராஃப்ட்டை வாங்கியது. 1937-ல் 19 சென்ட்டுக்கு மக்ரோனி சீஸ் பாக்கெட் வந்தது. இத்தனைக்கும் நடுவில் மனிதர் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டும், பச்சை நிற ஜேட் கற்களைத் தேடிக்கொண்டும் இருந்தார். ஜேட் பற்றி 1947-ல் ஒரு புத்தகமே எழுதினார். தானே கல்லை வெட்டி மெருகேற்றி மோதிரமாக்கி ஊழியர்களுக்குக் கொடுப்பாராம்.

ஸ்லைஸ் சீஸ், அவர் தம்பி நார்மனின் யோசனை. உருகிய சீஸைக் குளிர்ந்த உருளைகளில் மெல்லிசாகப் பரப்பி, வெட்டி அடுக்கி, 1950-ல் கடைக்கு அனுப்பினார்கள். 1953 பிப்ரவரியில் ஜேம்ஸ் கிராஃப்ட் காலமானார். தனித்தனி பிளாஸ்டிக் உறையில் ஸ்லைஸ் வந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, நம் அடுப்புக்கு வருவோம்

நாலு சாண்ட்விச்சுக்கு கால் கிலோ கொத்துக்கறி, ரெண்டு வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், கரம் மசாலா போதும். ஸ்லைஸிலேயே உப்பு இருப்பதால் கறிக்கு உப்பைக் குறையுங்கள். மட்டன் என்றால் மூடி போட்டு 20, 25 நிமிடம் வேகட்டும். முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேல்புறத்தில்தான் இருக்கும். கொத்தும்போது அது எல்லா இடத்துக்கும் கலந்துவிடும் என்பதால் அரைவேக்காடு கூடவே கூடாது. கடைசியில் மூடியைத் திறந்து, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வற்றவிடுங்கள். ஈரம் இருந்தால் பிரெட் நொந்துபோகும்.

அடியில் ஒரு ஸ்லைஸ், நடுவில் கறி, மேலே ஒரு ஸ்லைஸ். உருகிய சீஸ் ரெண்டு பக்கமும் பசை மாதிரி பிடித்துக்கொள்வதால் கறி உதிராது. வெண்ணெயை பிரெட்டின் வெளிப்பக்கம் தடவி, சிறு தீயில் பக்கத்துக்கு மூணு, நாலு நிமிடம். தீ அதிகமானால் பிரெட் கருகிவிடும், சீஸ் உருகாது. சுவை பத்தவில்லை என்றால் கொஞ்சம் செடாரைத் துருவி ஸ்லைஸோடு கலந்து வையுங்கள். ஸ்லைஸில் உள்ள உப்பு, செடாரின் கொழுப்பையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். ப்ராசஸ்டு சீஸ் என்றால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி அசல் சீஸ். அனலாக் என்று போட்டிருந்தால் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் கலந்திருக்கலாம். விலை குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணமா என்று ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு கூடையில் போடுங்கள்.